சந்தேகங்களுக்கு விளக்கம்: கோல் அடிக்கிற ஃபார்வர்டைப் பின்னால் தடுக்கிற பேக்கில் நிறுத்தினால் அது தண்டனையா?

போலந்துக் கால்பந்து வீரர் லெவான்டோவ்ஸ்கியைப் பற்றிப் பேசியபோது போகிற போக்கில் அவர் நாட்டுக்காரர் பிஷ்செக் பெயரைச் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நேயர் கேட்கிறார்: “பிஷ்செக் போலந்தில் கோல் அடித்துக்கொண்டிருந்தவர் என்கிறீர்கள். ஜெர்மனிக்குப் போனதும் டிஃபெண்டர் ஆக்கிவிட்டார்கள். வெளிநாட்டுக்காரரை ஓரங்கட்டியதுதானே இது? எங்கள் பள்ளியில் ஆடத் தெரியாதவனைத்தான் பேக்கில் நிறுத்துவார்கள்.”

கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். எல்லாப் பள்ளியிலும் அந்தக் கதைதான்!

வுகாஷ் பிஷ்செக் ஏதோ ஒப்புக்கு ஃபார்வர்டாக இருந்தவர் இல்லை. 2004-ல் 19 வயதுக்கு உட்பட்டோருக்கான ஐரோப்பியப் போட்டியில் அதிக கோல் அடித்தவர்களில் ஒருவர். அந்த வருடமே ஜெர்மன் அணியான ஹெர்தா பெர்லின் அவரை எடுத்துக்கொண்டது. ஆனால் உடனே பெர்லினுக்கு வரச் சொல்லாமல், போலந்திலேயே லூபின் நகரத்து அணியில் ஆட விட்டுவைத்தது. 2007-ல் லூபின் லீக் பட்டம் வென்ற பிறகுதான் பெர்லின். அங்கே கோல் வரவில்லை. பயிற்சியாளர் லூசியன் ஃபாவ்ர் அவரை ரைட் பேக்கில், அதாவது பின்வரிசையின் வலது ஓரத்தில், போட்டுப் பார்த்தார். தண்டனை என்றால் அதோடு ஆளே காணாமல் போயிருக்க வேண்டும் இல்லையா? 2010-ல் ஹெர்தா கடைசி இடத்துக்குப் போய் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. பிஷ்செக்கை இன்னொரு ஜெர்மன் அணியான டார்ட்மண்ட் காசே கொடுக்காமல் கூட்டிக்கொண்டது. அங்கே ரைட் பேக்காக இருந்த ஓவோமொயேலாவுக்குக் காயம், அதனால் கிடைத்த இடம். பதினோரு சீசன், 382 ஆட்டம். 2011, 2012 லீக் பட்டங்கள், மூன்று முறை ஜெர்மன் கோப்பை. அவரை மாற்றிய அதே ஃபாவ்ர் 2018-ல் டார்ட்மண்டுக்கே பயிற்சியாளராக வந்து சேர்ந்தார் என்பது தனி வேடிக்கை.

இனி, நான் எப்போதும் சொல்வதுதான், பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்: இப்படி ஓரத்தில் நின்று தடுக்கிற ஃபுல் பேக்கை எடைபோட வேண்டுமென்றால் பந்து அவர் காலில் இல்லாதபோது அவரைப் பாருங்கள். பயிற்சியாளர் கிளாப் காலத்து டார்ட்மண்டில் வலது பக்கம் முழுக்கப் போலந்துக்காரர்கள். முன்னால் கூபா பிளாஷ்சிகோவ்ஸ்கி, பின்னால் பிஷ்செக். கூபா பந்தோடு உள்ளே வெட்டுவார். அவரைக் காவல் காக்கிறவரும் கூடவே உள்ளே இழுபடுவார். கோட்டோரம் காலியாகும். பிஷ்செக் அந்த இடம் காலியான பிறகு ஓட ஆரம்பிப்பதில்லை, காலியாகப் போகிறது என்று தெரிந்ததுமே கிளம்பிவிடுவார். அது ஃபார்வர்டு புத்தி. கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள் நின்று பந்துக்காகக் காத்திருந்து பழகியவருக்கு, கிராஸ் (ஓரத்திலிருந்து உள்ளே அனுப்பும் பந்து) எங்கே விழ வேண்டும் என்பதும் தெரியும்.

11 அக்டோபர் 2014, வார்சா. ஜெர்மனி மூன்று மாதம் முன்புதான் உலகக் கோப்பை வென்றிருந்தது. போலந்து அதுவரை ஜெர்மனியை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. 51-வது நிமிடம், வலது பக்கத்திலிருந்து பிஷ்செக் ஒரு பந்தைத் தூக்கிப் போடுகிறார். கோல்கீப்பர் நோயருக்கு ‘இது நம் பந்து’ என்று ஆசை காட்டுகிற அளவுக்குக் கிட்டே, கைக்கு எட்டாத அளவுக்குத் தள்ளி. நோயர் கோல் கோட்டை விட்டு வெளியே வருகிறார், போலந்தின் மிலிக்கின் தலை முந்திக்கொள்கிறது. ஆட்டம் 2-0 என்று முடிந்தது. கோல் மிலிக் பெயரில்தான் இருக்கிறது. நான் அதில் பாதியை பிஷ்செக் கணக்கில்தான் எழுதுவேன்.

ஓரங்கட்டப்பட்டவர் என்றால் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான 2013 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தை எதில் சேர்ப்பது? இடுப்பில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அதைத் தள்ளிப்போட்டுவிட்டு வெம்ப்ளியில் இறங்கினார். அவர் பக்கம் வந்து நின்றவர் எதிரணியான பாயர்னின் ரிபெரி. 89-வது நிமிடத்தில் பாயர்னின் ராபன் அடித்த கோலால் டார்ட்மண்ட் 2-1 என்று தோற்றது. அதன் பிறகு சிகிச்சை, பல மாதம் ஆட்டமே இல்லை. இப்படி இறங்கியது சரியா என்று கேட்டால், என் தம்பியாக இருந்தால் இறங்க விட்டிருக்க மாட்டேன்.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. 2021-ல் ஜெர்மன் கோப்பையோடு டார்ட்மண்டை விட்டுக் கிளம்பியவர் எங்கே போனார்? வளைகுடா நாட்டுக்கோ அமெரிக்காவுக்கோ போய்க் கடைசியாக நாலு காசு பார்க்கவில்லை. தெற்கு போலந்தில் தான் வளர்ந்த கோச்சல்கோவிட்செ என்ற சிற்றூருக்குப் போய், அந்த ஊர் அணியிலேயே ஆடினார். மூன்றாம் லீக் என்று பெயர், கணக்குப்படி அது நாலாவது படி. போலந்துக்கு 66 ஆட்டம் ஆடியவர் சனிக்கிழமை மாலை அங்கே த்ரோ-இன் போட்டுக்கொண்டிருந்தார். சிறுவர்களுக்கான கால்பந்துப் பள்ளியையும் அந்த ஊரிலேயே வைத்தார். பாசம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பயிற்சி கொடுக்கும் வேலையைக் கூட்டமும் கேமராவும் இல்லாத இடத்தில் கற்றுக்கொள்ளலாம் என்ற கணக்கும் இருந்திருக்கும். 2024-ல் பழைய தோழர் நூரி ஷாஹின் டார்ட்மண்டின் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது உதவிக்கு இவரைத்தான் கூப்பிட்டார். அடுத்த ஜனவரியிலேயே ஷாஹினை நீக்கிவிட்டார்கள், அந்தக் கதை ரொம்ப நீளம். சரி, அடுத்த கேள்வி ஆஃப்சைடு பற்றி, அதற்குப் போவோம்.