கம்ப்யூட்டர் சாவிக்குள்ளே

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேளுங்கள். அதில் விளிம்பு நேராக, பல்லே இல்லாமல், தட்டையான முகத்தில் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரி வட்ட வட்டமாகக் குழி விழுந்த சாவி ஒன்று இருக்கிறதா? சாவி வெட்டும் கடைகளில் அதைக் கம்ப்யூட்டர் சாவி என்பார்கள். அந்தப் பூட்டுக்குள் கம்ப்யூட்டரும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. பித்தளை, எஃகு, சின்னச் சின்ன ஸ்பிரிங். அவ்வளவுதான்.

நான் பிட்டர் வேலை கற்றுக்கொடுத்தவன். நண்பர் ஒருவர் வீட்டுக் கதவை மாற்றியபோது பழைய பூட்டின் சிலிண்டரை என்னிடம் கொடுத்தார். சாவி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மல்டிலாக் நிறுவனத்தின் பூட்டு; 1973இல் இஸ்ரேலில் தொடங்கிய நிறுவனம் அது. அந்தச் சிலிண்டரைப் பிரித்துப் பார்த்த கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் சாதாரணச் சிலிண்டர் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். வெளியே ஒரு கூடு. அதற்குள் சாவியோடு சேர்ந்து சுழலும் உருளை. கூட்டிலிருந்து உருளைக்குள் வரிசையாகச் சிறு துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு உலோகத் துண்டுகள், அவற்றை அழுத்த மேலே ஒரு ஸ்பிரிங். தொழிலில் இந்தத் துண்டுகளைப் பின் என்பார்கள். காதால் கேட்கும்போது குழப்பும் என்பதால் ஊசி என்று சொல்லிக்கொள்கிறேன். சாவி இல்லாதபோது மேல் ஊசி பாதி கூட்டிலும் பாதி உருளையிலும் குறுக்கே நிற்கும். உருளை அசையாது. சரியான சாவி நுழைந்தால், இரண்டு ஊசிகளும் சந்திக்கும் இடம் கூட்டுக்கும் உருளைக்கும் நடுவே உள்ள எல்லையில் கச்சிதமாக வந்து நிற்கும். ஒரு ஊசி மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் கதவு திறக்காது.

இந்த ஏற்பாடு பழைய எகிப்தில் மரத்திலேயே இருந்தது. அமெரிக்காவின் லைனஸ் யேல், தந்தை மகன் இருவருக்கும் அதே பெயர், அதை உலோகத்துக்குக் கொண்டுவந்தார்கள். மகன் 1861இல் வாங்கிய காப்புரிமையிலிருந்துதான் இன்றைய பல் சாவி வருகிறது. குழிச்சாவி சுவிட்சர்லாந்தில் பிறந்தது. 1934இல் சூரிச் நகரின் காபா நிறுவனத்தில் பிரிட்ஸ் ஷோரி என்பவர், எந்தப் பக்கம் திருப்பி நுழைத்தாலும் திறக்கிற சாவியை உருவாக்கினார். விளிம்பை விட்டுவிட்டு முகத்தில் குழி தோண்டினால் இரண்டு முகத்திலும் ஒரே வரிசையைப் போடலாம். இருட்டில் சாவி நுழைக்கிறவருக்கு அதன் அருமை தெரியும்.

சரி, பிரிக்கும் கதைக்கு வருவோம். உருளையை வெறுமனே வெளியே இழுத்தால், மேல் ஊசிகளும் ஸ்பிரிங்குகளும் துளையிலிருந்து தெறித்து ஓடிவிடும். அதனால் உருளையின் விட்டத்துக்குச் சரியாக ஒரு மரக்குச்சியை லேத்தில் கடைந்துகொண்டேன். விளிம்புள்ள தாம்பாளத்தில் வெள்ளைத் துண்டை விரித்தேன். பின்னால் உருளையைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றி, சாவியைக் கொஞ்சம் திருப்பி, குச்சியால் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினேன். உருளை வெளியே வர வர, அது விட்ட இடத்தைக் குச்சி அடைத்துக்கொண்டே போகும். இடையில் நெல்மணி அளவு இடைவெளி விழுந்தாலும் போச்சு. எனக்கு விழுந்தது. ஒரு ஸ்பிரிங் துள்ளியது. நல்லவேளை, துண்டின் மேலேயே விழுந்தது.

உருளையைக் கவிழ்த்து ஊசிகளைக் கொட்டினேன். ஐந்து துளைதான். ஆனால் விழுந்த ஊசிகள் பத்து. ஒவ்வொரு ஊசியும் குழாய் மாதிரி உள்ளே வெற்றாக இருக்கிறது; அதற்குள் இன்னொரு மெல்லிய ஊசி தனியாக ஏறி இறங்குகிறது. மேல் ஊசிகளும் அப்படியே, உள்ளே இருப்பதற்குத் தனி ஸ்பிரிங்கோடு. அப்புறம் பூதக்கண்ணாடியில் சாவியைப் பார்த்தேன். அதுவரை ஒரே குழி என்று நினைத்தது இரண்டாகத் தெரிந்தது. நடுவில் ஒரு சிறு குழி, அதைச் சுற்றி வேறு ஆழத்தில் ஒரு வளையம். நடுக்குழி உள் ஊசிக்கு, வளையம் வெளி ஊசிக்கு. அரிசி அளவு இடத்தில் இரண்டு கேள்வி, இரண்டு பதில். நான் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு ஊசிக்கும் 4 உயரம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். 5 ஊசிக்கு 1,024 விதமான சாவி. 10 ஊசிக்கு 10,48,576. உள் ஊசியும் வெளி ஊசியும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதால் நடைமுறையில் இது குறையும். ஆனாலும் அந்தத் தாவலைப் பாருங்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சில மேல் ஊசிகளுக்கு இடுப்பு ஒடுங்கி இருந்தது, உடுக்கை மாதிரி. துளைகளை எவ்வளவு துல்லியமாகப் போட்டாலும் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமையாது. சாவி இல்லாமல் திறக்கப் பார்ப்பவர்கள் உருளையைக் கம்பியால் லேசாகத் திருப்பினால் ஏதோ ஒரு ஊசி முதலில் இறுகும். அதைத் தூக்கிவிட்டு அடுத்ததைத் தேடுவார்கள். பூட்டை நெம்பித் திறப்பதெல்லாம் இந்தச் சிறு பிசகை நம்பித்தான். உடுக்கை ஊசி இருந்தால், திறந்துகொண்டது போல உருளை கொஞ்சம் திரும்பி, ஒடுங்கிய இடுப்பில் மாட்டிக்கொள்ளும். செய்தவர் திருடனின் விரலை மனதில் வைத்தே ஒவ்வொரு ஊசியையும் கடைந்திருக்கிறார்.

இதையெல்லாம் வானொலியில் சொல்லலாமா என்று சிலர் கேட்பீர்கள். லண்டனில் ஜோசப் பிராமா 1784இலேயே தன் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1790 முதல் கடைச் சன்னலில் ஒரு பூட்டை மாட்டி, திறப்பவருக்கு 200 கினி, அதாவது அந்தக் கால ஆங்கிலேயத் தங்க நாணயம், பரிசு என்று எழுதி வைத்திருந்தார்கள். அது எப்படி வேலை செய்யும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் 1851 வரை ஒருவரும் திறக்கவில்லை. அந்த ஆண்டு அமெரிக்கரான ஹாப்ஸ் திறந்தார். அவருக்கு 16 நாட்களில் 51 மணி நேரம் தேவைப்பட்டது. பூட்டின் அமைப்பை மறைத்து வைத்துக் காவல் தேட முடியாது. மறைக்க வேண்டியது சாவியின் அளவு. உங்கள் சாவியைப் படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

சிலிண்டர் வாங்கும்போது ஊசிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். கதவில் சிலிண்டரைப் பிடிக்கும் திருகுக்காக அதன் நடுவில் துளை போடுவார்கள். அந்த இடத்தில் உலோகம் மெலிந்துவிடும். கதவுக்கு வெளியே சிலிண்டர் நீட்டிக்கொண்டிருந்தால் குறட்டால் பிடித்து அங்கேயே உடைத்துவிடலாம். நடுவில் எஃகுத் தண்டு உண்டா என்று கடையில் கேளுங்கள். கதவின் பித்தளைத் தகட்டை மீறி நீளாத அளவு வாங்குங்கள்.

எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி முடிக்க ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. சாவியை நுழைத்துத் திருப்பினேன். திரும்பவில்லை. மறுபடி பிரித்து ஊசிகளை அளந்தால், மெல்லிய உள் ஊசிகள் இரண்டை இடம் மாற்றிப் போட்டிருந்தேன். உயர வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். மாற்றிப் போட்டேன். உருளையைச் செருகினேன். சாவி வழுக்கிக்கொண்டு உள்ளே போய், சத்தமே இல்லாமல் திரும்பியது.

நன்றி, வணக்கம்.