நிறுவனப் படத்தில் கற்பனைக்கு ஏது இடம்?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "நிறுவனத்தார் சொன்னதை எடுத்துக் கொடுப்பதுதானே கார்ப்பரேட் படம், அதில் கற்பனைக்கு ஏது இடம்?" மூன்று நாள்களாக இக்கேள்வி என்னை விடவில்லை, ஏனெனில் தீபாவளி விருந்தில் என் மைத்துனரும் இதையே கேட்டார், அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற நிறுவனத்தாரின் ஆசைதான் இத்தொழிலின் பெருஞ்சிரமம். துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றுக்கு 3 நிமிடப் படம் எடுத்தபோது, நிறுவனரின் உரை, தரச்சான்றிதழ்கள், விருதுகள், 12 துறைகள் என்று பட்டியல் கொடுத்தார்கள். அதை அப்படியே நிரப்பினால் ஒவ்வொன்றுக்கும் 12 விநாடிதான் தேறும்.

பின்னணிக் குரலைப் பற்றிப் பேசிய பகுதியில் சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன், பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்: படத்தில் ஒரு வேலையாவது தொடக்கத்திலிருந்து முடிவுவரை முழுதாக நடக்க வேண்டும். 1936-இல் பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் படப்பிரிவு, லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போகும் அஞ்சல் இரயிலைப் படமாக்கியபோது, ஓர் இரவில் கடிதங்கள் போய்ச் சேர்வதைத்தான் காட்டியது. இறுதியில் ஆங்கிலக் கவிஞர் ஆடன் எழுதிய கவிதை சக்கரங்களின் தாளத்திலேயே ஒலிக்கும். கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் இரயில்பெட்டியைப் படப்பிடிப்புத் தளத்தில் அமைத்து, உண்மையான அஞ்சல் ஊழியர்களை வரவழைத்து, வண்டி ஓடுவதுபோல் அசைந்து நிற்கச் சொன்னார்கள். அசைவு மட்டுமே நடிப்பு. கடிதங்களைப் பிரித்த வேகம் அவர்களுடைய அன்றாட வேகம்.

துவாஸில் நானும் ஒரு வெல்டரைப் பிடித்துக்கொண்டேன். பற்றவைத்து முடித்ததும் சிறு சுத்தியலால் கசடைத் தட்டி உதிர்த்து, குனிந்து பார்த்து, திருப்தியில்லாமல் மீண்டும் தட்டினார். அந்தத் தட்டலுக்கு இசையே தேவைப்படவில்லை. ஆனால் பாதுகாப்பு அதிகாரி பார்த்துவிட்டு, பின்னால் மங்கலாகத் தெரிந்த ஒருவரின் தலைக்கவச வார் அவிழ்ந்து தொங்குவதைச் சுட்டிக்காட்டினார். காட்சி குப்பைக்குப் போயிற்று. அவர் சொன்னது நியாயம்தான், இருந்தாலும் வயிறு எரிந்தது. மறுநாள் பிற்பகல்வரை மழை. அது விட்டபின் வந்த வெல்டரோ நேற்றைய தட்டலை நடித்துக் காட்டத் தொடங்கிவிட்டார். அன்றைக்கு முடித்தே ஆகவேண்டிய ஓர் இணைப்பை அவரிடம் கொடுக்கச் சொல்லி ஓரமாக ஒதுங்கிக் காத்திருந்த பிறகுதான் அவர் கேமராவை மறந்தார்.

கற்பனையைப் பற்றிக் கேட்ட நேயர், திரைக்கதை எழுதும் முன் யாரோடு பேசுவீர்கள் என்று கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். விளம்பரப் பிரிவோடு ஒரு மணி நேரம் பேசினால், பட்டறையில் ஒரு நாள் முழுக்க உட்காருவேன். "இவர் ஒருமுறை தட்டிவிட்டு எழுந்திருக்கவே மாட்டார்" என்று தேநீர் வேளையில் ஒரு மேற்பார்வையாளர் சலித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால், எனக்கு அந்தச் சுத்தியல் கண்ணில் பட்டிருக்காது.

படத்தைப் பார்த்த நிறுவனத்தார், 12 துறைகளில் 4 விடுபட்டதை விரல்விட்டு எண்ணிச் சொன்னார்கள். அந்த நான்குக்கும் தனியாக ஒரு படம் வேண்டும் என்றார்கள். அதற்கும் என்னையே அழைத்தார்கள் என்பதால் நான் குறைசொல்ல வழியில்லை.