டயர் 30 சதவீதம்தான் மிச்சம் என்று டிவி சொல்கிறது, நம்பலாமா?

வணக்கம் மக்களே. இன்றைக்கு ரேஸ் ரிவியூ கிடையாது. ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற ஒரு விஷயத்தைப் பேசிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் சித்தப்பா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். 12 வயசு. இப்போதுதான் ஃபார்முலா 1 பார்க்க ஆரம்பித்திருக்கிறான். பழைய ரேஸ் ஒன்றை ஓடவிட்டிருந்தேன். திரையில் காரின் படம் வந்தது, நாலு டயருக்கும் பக்கத்தில் சதவீதம். "அண்ணா, இவர் டயர் தேஞ்சு போச்சு, அடுத்த லேப்ல உள்ள வந்துடுவார்" என்றான். அதாவது அடுத்த சுற்றில் டயர் மாற்ற பிட்டுக்குள் வந்துவிடுவார் என்று. வர்ணனையாளரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். கார் உள்ளே வரவில்லை. இன்னும் பல லேப் அதே வேகத்தில் ஓடியது. பையன் என் முகத்தைப் பார்த்து, "அப்போ அந்த நம்பர் பொய்யா?" என்று கேட்டான்.

சட்டென்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வீடியோவே அவனுக்கான பதில்தான்.

அந்த நம்பர் பொய் இல்லை, கணிப்பு. டயரில் எவ்வளவு ரப்பர் மிச்சம் இருக்கிறது என்று யாரும் அளந்து போடுவதில்லை. காரின் வேகம், அது எந்தப் பக்கம் எவ்வளவு விசையைத் தாங்குகிறது, எவ்வளவு வழுக்குகிறது என்பதை வைத்து, டயர் இவ்வளவு உழைத்திருக்கும் என்று அமேசான் வெப் சர்வீசஸின் கணினி போடுகிற கணக்கு அது. டயரின் உண்மையான சூடு, காற்றழுத்தம் எல்லாம் டீமின் கையில் இருக்கிறது. அதை அவர்கள் எதிரிக்குக் காட்ட மாட்டார்கள், டிவிக்கு மட்டும் காட்டுவார்களா? 2020-லேயே பைரெல்லியின் மரியோ இசோலா இதை வெளிப்படையாகச் சொன்னார்: கணக்குக்கு வேண்டிய தகவல் முழுசாக இல்லாமல் போடுகிற படம் இது, பார்க்கிறவர்களுக்குத் தப்பான எண்ணத்தைத் தரும் என்று. டயர் செய்து கொடுக்கிற கம்பெனிக்காரரே சொல்கிறார்!

அதே 2020-ல் சில்வர்ஸ்டோனில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயை நினைத்துப் பாருங்கள். க்வியாட் என்ற டிரைவரின் விபத்தால், எல்லோரையும் மெதுவாக ஓடவைக்கிற சேஃப்டி கார் வந்ததும், ஏறக்குறைய எல்லோரும் உள்ளே போய், சீக்கிரம் தேயாத ஹார்ட் டயர் மாட்டிக்கொண்டார்கள். 52 லேப் ரேஸில் அந்த ஒரே செட்டில் 40 லேப் அளவுக்கு ஓட்ட வேண்டிய நிலைமை. கடைசி மூன்று லேப்களுக்குள் பொட்டாஸுக்கு டயர் போனது, சைன்ஸுக்குப் போனது, கடைசி லேப்பில் ஹாமில்டனுக்கும் போனது. அவர் மூன்று டயரில் காரை இழுத்துக்கொண்டு வந்து ஜெயித்தார், வெர்ஸ்டாப்பன் 6 விநாடிக்கும் குறைவாகப் பின்னால். வெர்ஸ்டாப்பன் அதற்குச் சற்று முன்னால்தான் மிக வேகமான லேப்புக்கு அப்போது கொடுத்த கூடுதல் புள்ளிக்காகப் புது டயர் மாட்ட உள்ளே போய் வந்திருந்தார். எல்லா சென்சாரும் கையில் இருந்த டீம்களே அந்த முடிவை எதிர்பார்க்கவில்லை. அப்படியிருக்க, வெளியே இருந்து பார்த்து ஒரு சதவீதம் போட்டால் அதை எவ்வளவு நம்புவது?

சரி, டயரை விடுங்கள். பிரேக்குக்கு வருவோம். இதில் நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன்.

ரேஸின் டைமிங் தகவலை இணையத்தில் எடுத்து, நாமே கிராஃப் வரைய முடியும். ரேஸில் யார் எந்த இடத்தில் தொடங்குவது என்று முடிவு செய்கிற தகுதிச்சுற்று ஒன்றில் இரண்டு டிரைவர்களின் லேப்பை ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்து, "இவர் 15 மீட்டர் தள்ளி பிரேக் போடுகிறார், அதுதான் வித்தியாசம்" என்று இதே சேனலில் பேசினேன். இப்போது அதே கிராஃபைத் திரையில் போடுகிறேன், கோட்டை மறைத்துவிட்டு உண்மையில் வந்த புள்ளிகளை மட்டும். பார்த்தீர்களா, எவ்வளவு இடைவெளி? விநாடிக்கு ஏறக்குறைய 4 புள்ளிதான் வருகிறது. நேர்ரோட்டில் 300 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 83 மீட்டர். அப்படியென்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் கார் 20 மீட்டர் ஓடிவிடுகிறது. அந்த 20 மீட்டரில் எங்கே கால் பிரேக்கில் பட்டது என்று யாருக்கும் தெரியாது. நடுவில் இருக்கிற கோடு கணினி இழுத்துவிட்டது. அதோடு, அந்தத் தகவலில் பிரேக் என்பது போட்டார், போடவில்லை, அவ்வளவுதான். எவ்வளவு அழுத்தினார் என்பது கிடையாது. நான் 15 மீட்டர் என்று அடித்துச் சொன்னது அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அந்த வீடியோவை நீக்கிவிட்டேன். பார்த்தவர்களிடம் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.

அதற்காகத் திரையில் வருகிற எல்லாமே சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லேப் டைம் அளந்து போடுவது. காரில் சிக்னல் அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர், ரோட்டுக்கு அடியில் கம்பி வளையம், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வரை துல்லியம். 1997 ஹெரெஸ் தகுதிச்சுற்றில் வில்நவ், ஷூமாக்கர், ஃபிரென்ட்சன் மூன்று பேரும் 1:21.072. மூன்று பேருக்கும் ஒரே நேரம்! முதலில் போட்டவர் என்பதால், ரேஸை முதலிடத்தில் தொடங்கும் போல் வில்நவ்வுக்குப் போனது. அந்த நம்பரை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

ஆனால் அளந்த நம்பரையும் படிக்கத் தெரியணும். இரண்டு காருக்கு நடுவில் 1 விநாடி என்றால் நேர்ரோட்டில் 80 மீட்டருக்கு மேல். மொனாக்கோவின் ஹேர்பின் வளைவில் கார் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிடும், அங்கே அதே 1 விநாடி வெறும் 14 மீட்டர். வர்ணனையில் "நெருங்கிவிட்டார், நெருங்கிவிட்டார்!" என்று குரல் ஏறும். பட்டியலில் விநாடி அப்படியே நிற்கும். இதோடு, தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுக்கிற கேமரா இரண்டு காரையும் ஒட்டவைத்துக் காட்டும். இந்த மாதிரி நேரத்தில் குரலை விட்டுவிட்டு, ஒரே இடத்தில் லேப்புக்கு லேப் அந்த விநாடி குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம், டிவியைத் தாண்டி, ரேஸை நடத்துகிறவர்களே தடுமாறிய நாளும் உண்டு. 2003, பிரேசில், இன்டர்லாகோஸ், நல்ல மழை. வெப்பர் மோதினார், சிதறிக் கிடந்ததில் அலோன்சோவும் மோதினார், ரேஸை நிறுத்தச் சிவப்புக் கொடி. கொடி காட்டினால் இரண்டு லேப் பின்னால் போய், அங்கே இருந்த வரிசையையே ரேஸ் முடிவாக எடுக்கணும் என்பது அன்றைய விதி. 53-வது லேப் கணக்கு என்று சொல்லி ரைக்கோனனை ஜெயித்தவராக மேடையேற்றினார்கள். ஃபிசிக்கெல்லா இரண்டாவது. உலகமே அப்படித்தான் பார்த்தது, வர்ணனையும் அப்படித்தான். சில நாள் கழித்துத் தகவலைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், ஃபிசிக்கெல்லா 56-வது லேப்பைத் தொடங்கியிருக்கிறார். அப்படியானால் 54-தான் கணக்கு, அதில் அவர்தான் முன்னால். இமோலாவில் அடுத்த ரேஸின்போது ரைக்கோனன் கோப்பையை அவரிடம் கொடுத்தார். ஒருவருடைய வாழ்க்கையின் முதல் வெற்றி, மேடையில் உச்சியில் நிற்காமலேயே போய்விட்டது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கனக்கிறது.

வர்ணனையாளர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அத்தனை கார், ஒரு மைக், நொடிக்கு நொடி பேசணும். யாராக இருந்தாலும் தப்பு வரும். நம்ம சென்னைக்காரர், முன்னாள் ஃபார்முலா 1 டிரைவர் கருண் சந்தோக் ஸ்கை சேனலில் ஒரு திருப்பத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டி விளக்கும்போது பாருங்கள், படத்தில் இருப்பதைத் தொட்டுக் காட்டிப் பேசுகிறார். நானும் நீங்களும் அதையே பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். என் குறையெல்லாம் கிராஃபிக்ஸ் போடுகிற இடத்தில்தான். அளந்த நம்பரும் கணித்த நம்பரும் ஒரே எழுத்தில், ஒரே கலரில் வருகின்றன. கணிப்பு என்று ஒரு வார்த்தை சேர்த்தால் என்ன? 30 என்பதற்குப் பதில் 20-லிருந்து 40-க்குள் என்று போட்டால் என்ன? வானிலை அறிக்கையில் மழைக்கு வாய்ப்பு என்றுதானே சொல்கிறார்கள்.

சித்தப்பா பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒரு நோட்டு எடுத்து வைத்திருக்கிறான். அடுத்த ரேஸில் திரையில் வருகிற ஒவ்வொரு கணிப்பையும் லேப் நம்பரோடு எழுதி, பக்கத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதப் போகிறோம். ரேஸ் முடிந்ததும் அந்தப் பக்கத்தை அப்படியே கேமராவுக்கு முன்னால் காட்டுகிறேன். நீங்களும் வீட்டில் எழுதிப் பார்த்தால் கமென்ட்டில் போடுங்கள், அவனிடம் படித்துக் காட்டுகிறேன்.