508ஆவது இடத்துல ஒரே ஒரு வெட்டு! வைரஸ் நம்ம அலாரத்தை அணைக்கிற கதை

வணக்கம் மக்களே! இன்னிக்கு கொஞ்சம் கடுப்புலதான் கேமராவை ஆன் பண்ணிருக்கேன். வைரஸ் எப்படி தப்பிக்குதுன்னு ஒருத்தர் முக்கால் மணி நேரம் பேசின வீடியோ பார்த்தேன். முழுக்க முழுக்க மியூட்டேஷன், அதாவது வைரஸோட ஜீன் மாறுறது. வேற பேச்சே இல்ல! புது வைரஸைப் பிடிச்சு முடக்குற நல்ல ஆன்டிபாடி நம்ம உடம்புல தயாராகவே ஒரு வாரம் போல ஆகும்ங்க. அது வரைக்கும் வைரஸ் கைய கட்டிக்கிட்டு நிக்குமா? முதல் சில மணி நேரத்துல இன்னேட் இம்யூனிட்டியோட, அதாவது நம்ம பிறவி எதிர்ப்பு சக்தியோட, அது போடுற சண்டை இருக்கே, எனக்குப் பிடிச்ச ஏரியாவே அதுதான். உங்களுக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வரேன். ஆர்என்ஏவையே ஜீனா வெச்சிருக்கிற வைரஸ் செல்லுக்குள்ள போய் தன்னை காப்பி எடுக்கும்போது ரெட்டை இழை ஆர்என்ஏ உருவாகும். நம்ம செல்லோட சைட்டோபிளாசத்துல (உட்கருவுக்கு வெளிய இருக்கிற பகுதி) அவ்வளவு நீளமான ரெட்டை இழை சாதாரணமா இருக்காது. ரிக்-ஐ, எம்டிஏ5ன்னு ரெண்டு புரோட்டீன் அதை மோப்பம் பிடிச்சு, செல்லோட பவர் ஹவுஸான மைட்டோகாண்ட்ரியா மேல உட்கார்ந்திருக்கிற மாவ்ஸ்ங்கிற புரோட்டீன்கிட்ட சேதி சொல்லும். அங்கேருந்து சிக்னல் போய், இன்டர்ஃபெரான்ங்கிற எச்சரிக்கை புரோட்டீனோட ஜீன் ஆன் ஆகும். இன்டர்ஃபெரான் வெளிய போய் அக்கம்பக்கத்து செல்லையெல்லாம் உஷார்படுத்தும்.

இந்த மாவ்ஸ் பத்தி புலம்பாம என்னால மேல போக முடியாது. 2005ல நாலு குழு தனித்தனியா இதே புரோட்டீனைக் கண்டுபிடிச்சாங்க. சந்தோஷம். ஆனா நாலு குழுவும் ஆளுக்கொரு பெயர் வெச்சாங்க! மாவ்ஸ், ஐபிஎஸ்-1, கார்டிஃப், அப்புறம் விசா. விசாவாம்! தேடினா பாஸ்போர்ட் சமாச்சாரமா வந்து கொட்டுது. கார்டிஃப்னு போட்டா வேல்ஸ் நாட்டுத் தலைநகரம் வருது. பழைய கட்டுரை எதையாவது எடுக்கணும்னா நாலு பெயரையும் போட்டுத் தேடணும். ஒரு புரோட்டீனுக்கு இவ்வளவு அலைச்சல் ஆகாதுப்பா.

ஆனா அந்த அலைச்சலுக்கு பலன் இருந்துச்சு. மாவ்ஸ்ல மொத்தம் 540 அமினோ அமிலம். கடைசி வால் பகுதிதான் மைட்டோகாண்ட்ரியா சவ்வுல சொருகியிருக்கும். ஹெபடைடிஸ் சி வைரஸோட என்எஸ்3/4ஏ என்சைம் சரியா 508ஆவது இடத்துல, சிஸ்டீன்ங்கிற அமினோ அமிலத்துக்கிட்ட, வெட்டிடும். வால் மட்டும் சவ்வுல நிக்கும், மீதி கழண்டு விழுந்துடும். ரிக்-ஐ எவ்வளவு கத்தினாலும் அலாரம் ஒயர் கட். இதுல என்னை அசத்தினது என்னன்னா, அந்த என்சைமோட அன்றாட வேலை வேற. வைரஸ் தன்னோட நீளமான புரோட்டீனைத் துண்டு போடுறதுக்கு வெச்சிருக்கிற கத்தி அது. அதே கத்தியால நம்மளையும் வெட்டுது. கடுப்பெல்லாம் போய், ராத்திரி தனியா உட்கார்ந்து கைதட்டினேன்.

ஃப்ளூ வைரஸ் என்எஸ்1னு ஒரு புரோட்டீன் வெச்சிருக்கு. அது ரெட்டை இழை ஆர்என்ஏவைப் போர்த்தி மறைக்கும், ரிக்-ஐயை எழுப்பிவிடுற ட்ரிம்25ங்கிற புரோட்டீனையும் தடுக்கும். 1998ல அந்த ஜீனையே தூக்கிட்டு ஒரு ஃப்ளூ வைரஸ் செஞ்சாங்க. லேப்ல வளர்க்கிற வீரோ செல்லுல நல்லாவே வளர்ந்துச்சு, ஏன்னா அந்த செல்லால இன்டர்ஃபெரான் தயாரிக்க முடியாது. இன்டர்ஃபெரான் இருக்கிற இடத்துல திணறிடுச்சு. இதைவிட சுத்தமான ஆதாரம் வேணுமா? வீரோன்னா, 1962ல ஜப்பான்ல ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கோட சிறுநீரகத்துலருந்து எடுத்த செல். தடுப்பூசி தயாரிப்புல இன்னிக்கும் அதுக்கு மவுசு இருக்கு.

கொரோனா ரூட்டே தனி. ரெட்டைச் சவ்வுப் பை கட்டி, அதுக்குள்ள உட்கார்ந்து ஆர்என்ஏ காப்பி எடுக்கும். மோப்பம் பிடிக்கிறவங்க கண்ணுலயே படாது.

அய்யோ, இன்டர்ஃபெரானை யாரு கண்டுபிடிச்சாங்கன்னு சொல்லாம வந்துட்டேன் பாருங்க. 1957, லண்டன். அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மன். சூடாக்கி செயலிழக்க வெச்ச ஃப்ளூ வைரஸை கோழிமுட்டைக் கருவோட சவ்வுல விட்டுப் பார்த்து பிடிச்சாங்க.

இப்ப என் செல்லப்பிள்ளை, சைட்டோமெகலோ வைரஸ். வைரஸ் புகுந்த செல்லைக் கொல்ற டி செல் கண்ணுல படாம இருக்க, செல் மேல இருக்கிற எம்எச்சிங்கிற அடையாளப் புரோட்டீனை இழுத்து அழிச்சிடும். ஆனா அடையாளம் இல்லாத செல்லைப் பார்த்தா நேச்சுரல் கில்லர் செல்னு இன்னொரு காவல்காரன் சும்மா விடாது. அதனால யுஎல்18ன்னு ஒரு போலி எம்எச்சியைத் தானே செஞ்சு மேல நிறுத்தும்! அந்தப் போலி, கில்லர் செல் மேல இருந்து அதை அடக்குற எல்ஐஆர்-1ங்கிற ரிசப்டரை (சிக்னலை வாங்குற புரோட்டீன்) நம்ம அசலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல இறுக்கமாப் பிடிக்கும். எல்லா கில்லர் செல்லுலயும் எல்ஐஆர்-1 கிடையாதுங்கிறதால அதுக்கும் முழு வெற்றி இல்ல. அது வரைக்கும் நமக்கு சந்தோஷம்.

இன்னொண்ணு, இது வைரஸ் வேலையே இல்ல. 2020ல உயிருக்கே ஆபத்தான கோவிட் நிமோனியா வந்த 987 பேரோட ரத்தத்தைப் பார்த்தாங்க. 101 பேருக்கு சொந்த இன்டர்ஃபெரானையே முடக்குற ஆன்டிபாடி இருந்துச்சு. லேசா வந்துபோன, இல்ல அறிகுறியே இல்லாத 663 பேர்ல ஒருத்தருக்குக்கூட இல்ல. அந்த 101ல 95 பேர் ஆம்பளைங்க. ஏன் அப்படிங்கிறதை இதுலயே திணிச்சா வீடியோ ரொம்ப இழுத்துடும், அடுத்ததுல தனியாப் பேசறேன். வரேன் மக்களே!