வெள்ளி எழும்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இலை போட்டாகிவிட்டது, தண்ணீர் தெளித்துத் துடைத்தாகிவிட்டது, ஓரத்தில் உப்பும் ஊறுகாயும் வந்துவிட்டன. சோறு மட்டும் வரவில்லை. பரிமாறுகிறவர் தூரத்தில் தெரிகிறார், மறைகிறார். அந்த நேரத்தில் நமக்கு என்னென்ன வார்த்தை வாய்க்கு வருகிறது! அதே நிலையில் காளமேகப் புலவருக்கு என்ன வந்தது என்று சொல்லத்தான் முதலில் ஆசை. தமிழ்ச் சான்றோரின் நகைச்சுவை பற்றிப் பேச அழைத்தார்கள். குறிப்பில் நாலு பேச்சு எழுதி வந்திருக்கிறேன். எத்தனை தேறுமோ பார்ப்போம்.

காளமேகம் 15-ஆம் நூற்றாண்டுக்காரர். கோயில் மடைப்பள்ளியில் சமையல் வேலை பார்த்தவர் என்று அவரைப் பற்றிய கதைகள் சொல்லும். அதாவது, அடுப்பில் எது எவ்வளவு நேரத்தில் வேகும் என்று தெரிந்த ஆள். அவர் நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவருடைய சத்திரத்துக்குப் பசியோடு போகிறார். காத்திருக்கிறார், காத்திருக்கிறார். கடைசியில் பாட்டு வருகிறது.

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் – குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

வானொலியில் ஒருமுறை கேட்டால் நழுவிவிடும், அதனால் பிரித்துச் சொல்கிறேன். பொழுது சாயும்போதுதான் அரிசியே வந்து இறங்கும். அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் தூங்கிவிடும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும். இதில் ஒரு வசைச்சொல் இருக்கிறதா? பேருந்து நிலையத்துச் சுவரில் எழுதிவைத்த கால அட்டவணை மாதிரி இருக்கிறது. அரிசி வரும், ஊர் அடங்கும், வெள்ளி எழும். அவ்வளவுதான்.

காத்தான் பதறிப்போனார். காளமேகம் பாடினால் ஊர் முழுக்கப் பரவிவிடும். பிழை பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினார். இங்கேதான் எனக்கு ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும். புலவர் வேறு பாட்டுப் பாடவில்லை. அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னார். நாடெங்கும் அரிசி அத்தமித்துப்போன பஞ்ச காலத்திலும் காத்தான் சத்திரத்துக்கு அரிசி வந்துகொண்டே இருக்கும். உலையில் இட்டால் ஊரின் பசியே அடங்கும். இலையில் விழுந்த சோற்றின் வெண்மையைப் பார்த்து, வானத்து வெள்ளி வெட்கப்பட்டு எழுந்து ஓடும்!

ஓர் எழுத்து மாறவில்லை, கவனியுங்கள். திட்டும்போதே திரும்பி வர ஒரு கொல்லைவாசலைத் திறந்து வைத்திருக்கிறார் மனிதர். நாம் கைப்பேசியில் ஒருவரை வைதுவிட்டு, மறுநாள் காலை அவசரமாக அழிக்கிறோம். காளமேகத்துக்கு அழிக்க வேண்டியிருக்கவில்லை.

இது நடந்ததா, கட்டிய கதையா என்று கேட்பீர்கள். தனிப்பாடல்களோடு ஒட்டிவரும் கதைகளுக்கு யார் பிறப்புச் சான்றிதழ் கொடுப்பது? பாட்டு இருக்கிறது, பாட்டுக்குள் இரண்டு பொருளும் இருக்கின்றன. எனக்கு அது போதும்.

வகுப்பில் இதை நடத்திய ஒரு நாள், விடுதியில் தங்கிப் படித்த பையன் ஒருவன் எழுந்தான். "ஐயா, எங்க விடுதியில முதல் பொருள் மட்டும்தான் ஐயா" என்றான். வகுப்பே சிரித்தது. விடுதிக் காப்பாளர் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

காளமேகம் வசையைப் புகழாக்கினார். அவருக்கு வெகுகாலம் முன்பே, புகழுக்குள் வசையை ஒளித்தவர் ஒருவர் உண்டு. ஆத்திசூடி ஔவை இல்லை, அவர் பின்னால் வந்தவர். சங்க கால ஔவை. தகடூர் அரசன் அதியமானுக்காக, அவனோடு பகைத்த காஞ்சி மன்னன் தொண்டைமானிடம் தூது போகிறார். தகடூர் என்றால் இன்றைய தருமபுரி. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். காட்டினால் பயப்படுவார் என்று நினைப்பு. ஔவை பார்த்துவிட்டுச் சொன்னது புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. அவையோ, அதியமானின் வேல்கள், பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனுடைய சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன.

'இவ்வே', 'அவ்வே' என்ற இரண்டு சொல்லில் போரே முடிந்துவிட்டது. தொண்டைமானால் கோபப்படவும் முடியாது. உன் வேல் பளபளக்கிறது என்று சொன்னால் யார் சண்டைக்கு வருவார்கள்? அதே பாட்டில் அதியமானைப் பற்றி ஒரு வரி வருகிறது: 'உண்டாயின் பதங்கொடுத்து, இல்லாயின் உடனுண்ணும்.' இருந்தால் சோறு போடுவான், இல்லாவிட்டால் இருப்பதை உடன் உட்கார்ந்து பகிர்ந்து உண்பான். நாகைக் காத்தானுக்கு யாராவது இதை முன்கூட்டியே படித்துக் காட்டியிருக்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் உயர்கிறது. சரி, சுருக்குகிறேன். கலைமகள் ஆசிரியர் கி.வா. ஜகந்நாதன், உ.வே.சா.வின் மாணவர், சிலேடைக்குப் பேர் போனவர். கார் வழியில் நின்றுபோய் எல்லோரும் இறங்கித் தள்ள, வயதானவர் என்று இவரை மட்டும் உட்காரச் சொன்னார்களாம். தம்மைத் 'தள்ளாதவன்' ஆக்கிவிட்டதாகச் சொன்னாராம் அவர். இங்கே குத்து தன்மேலேயே.

நாலாவது, மறுபடியும் காளமேகம். விளக்க நேரமில்லை, வேகமாகக் கேளுங்கள்.

முக்காலுக் கேகாமுன் முன்னரையில் வீழாமுன்
அக்கா லரைக்கால்கண் டஞ்சாமுன் – விக்கி
இருமாமுன் மாகாணிக் கேகாமுன் கச்சி
ஒருமாவின் கீழரையின் றோது.

கோலூன்றி மூன்று காலாகும் முன், நரை விழும் முன், எமதூதரைக் கண்டு அஞ்சும் முன், விக்கி இருமும் முன், சுடுகாடு போகும் முன், காஞ்சியில் ஒற்றை மாமரத்தின் கீழ் இருக்கும் சிவபெருமானை இன்றே பாடு. இது ஒரு பொருள். காதில் விழுவதோ பழைய தமிழ்ப் பின்னக் கணக்கு: முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, கீழரை. கீழரை என்பது 640-இல் ஒரு பங்கு. தேய்ந்துகொண்டே போகிறது பாருங்கள்.

நிலையத்தார் எனக்குத் தந்ததில் இப்போது அந்தக் கீழரைதான் மிச்சம். வணக்கம்.