முகடு பின்னே, சக்தி முன்னே

சபையோருக்கு வணக்கம்.

வரும் வழியில் திருகோணமலை டச்சுக்குடாவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். தாமதத்துக்கு அதுவே காரணம். பஸ்ஸின் மீது பழி போடப் போவதில்லை. அங்கே அலை மணலில் ஏறி, தளர்ந்து, அடங்கிப் போகிறது. அதே கடல் சுவாமி மலையின் அடியில் அடங்குவதில்லை. பாறையில் மோதித் திரும்பி, வருகிற அலையோடு மல்லுக்கட்டுகிறது. இந்த இரண்டு காட்சிகளும் மேசையில் உள்ள பலகையிலும் உண்டு. கடலில் யாரும் காணாத மூன்றாவது காட்சி ஒன்றும் உண்டு. முகடுகள் பின்னே நடக்க, சக்தி முன்னே போகும் அலை அது. அதைக் காட்டத்தான் வந்தேன்.

பலகையில் இருப்பவை உயர்தர மாணவர்களுக்குப் பழகிய சாமான்கள்: 10 மைக்ரோஹென்றித் தூண்டிகள் (கம்பிச் சுருள்கள்), 1 நானோபரட் கொள்ளளவிகள் (மின்னேற்றத்தைத் தேக்குபவை). தூண்டிகளைத் தொடராக வைத்து, ஒவ்வொரு இணைப்பிலிருந்தும் ஒரு கொள்ளளவியைப் புவிக்கு இறக்கினால் ஓர் ஏணி கிடைக்கும். தந்திக் கம்பியைப் பற்றி எண்ணிய ஹெவிசைட் 19 ஆம் நூற்றாண்டிலேயே கம்பியை இப்படித்தான் பார்த்தார். 1944 இல் கேப்ரியல் குரோன் இன்னும் ஒரு படி மேலே போய், மின்புலமும் காந்தப்புலமும் நடக்கும் விதத்தைச் சொல்லும் மக்ஸ்வெல்லின் சமன்பாடுகளுக்கே சமவலுச் சுற்று, அதாவது அதே கணக்கில் நடக்கும் சுற்று, வரைந்து காட்டினார். மின்புலம் நிற்கும் இடத்தில் மின்னழுத்தத்தை எழுதுங்கள். காந்தப்புலம் நிற்கும் இடத்தில் மின்னோட்டத்தை எழுதுங்கள். ஊடகத்தின் காந்தக் குணம் தொடரில் உள்ள தூண்டியாகும். மின் குணம் குறுக்கே உள்ள கொள்ளளவியாகும். ஒரு நேர்கோட்டில் ஓடும் அலைக்குச் சமன்பாடு எழுத்து மாறாமல் அதேதான்.

இனி அந்த விசித்திரத்துக்கு வருவோம். 1967 இல் சோவியத் பௌதிகவியலாளர் விக்டர் வெசெலாகோ ஒரு கேள்வி கேட்டார்: ஊடகத்தின் இந்த இரண்டு குணங்களும் ஒருங்கே மறைப் பெறுமானமானால், அதாவது சுழியத்துக்குக் கீழே போனால், என்ன ஆகும்? ஒளி எவ்வளவு வளையும் என்று சொல்லும் முறிவுச் சுட்டியும் மறையாகும். ஒளி செவ்வனின், அதாவது மேற்பரப்புக்குச் செங்குத்தான கோட்டின், தவறான பக்கத்துக்கு வளையும். அலையின் முகடுகள் தாம் புறப்பட்ட இடத்தை நோக்கியே நடக்கும் என்றார். அப்படியொரு பொருள் அன்று எவர் கையிலும் இல்லை. 1990களின் பிற்பகுதியில் ஜோன் பென்ட்றி மெல்லிய கம்பிகளின் அடுக்கால் மின் குணத்தையும், பிளந்த வளையங்களால் காந்தக் குணத்தையும் மறையாக்கலாம் என்று காட்டினார். 2000 இல் டேவிட் ஸ்மித்தும் சான் டியாகோவில் அவருடன் இருந்தோரும் இரண்டையும் சேர்த்து நுண்ணலையில் செய்து முடித்தார்கள். கம்பியும் வளையமும் அலைநீளத்தை விட மிகச் சிறியவையாதலால் அலை அவற்றைத் தனித்தனியே காணாது. அந்தக் கட்டுமானமே அதற்கு ஊடகம். மீப்பொருள் என்று சொல்வது இதைத்தான்.

உண்மையைச் சொன்னால், முதலில் படித்தபோது எனக்கு இது பிடிக்கவில்லை. மறைப் பெறுமானம் காகிதத்துக்கு மட்டும் சரி என்று நினைத்தேன். என் மனதை மாற்றியது இந்த ஏணி. தூண்டியில் மின்னழுத்தம் மின்னோட்டத்துக்கு 90 பாகை முந்தும். கொள்ளளவியில் 90 பாகை பிந்தும். ஆகவே தூண்டி இருக்க வேண்டிய இடத்தில் கொள்ளளவியை வைத்தால், அந்த மீடிறனில் (செக்கனுக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கில்) அது மறைக் குறி போட்ட தூண்டி. மறைத் தூண்டி எந்தக் கடையிலும் கிடைக்காது, கொள்ளளவி கிடைக்கும். இரண்டையும் இடம் மாற்றிக் கொள்ளளவியைத் தொடராகவும் தூண்டியைப் புவிக்கும் வையுங்கள். வெசெலாகோவின் ஊடகம் உங்கள் முன்னால் இருக்கிறது. 2002 ஆம் ஆண்டளவில் டொரொன்ரோவில் எலெஃப்தெரியாடெஸ் குழுவினரும், லொஸ் ஏஞ்சலிஸில் காலோஸும் இட்டோவும் இந்த வழியில்தான் இறங்கினார்கள்.

எண்களைப் பார்ப்போம். 1.59 மெகாஹேர்ட்ஸில் சாதாரண ஏணியின் ஒவ்வொரு படியும் அலையை 60 பாகை பின்தள்ளுகிறது. மாற்றிய ஏணியின் ஒவ்வொரு படியும் 60 பாகை முன்தள்ளுகிறது. ஆறு படிக்கு ஒரு முழு அலை. பெரியவர்களுக்கு நினைவிருக்கும், இந்த மாவட்டத்திலிருந்து ஜெர்மன் வானொலி மத்திய அலையில் 1548 கிலோஹேர்ட்ஸில் ஒலித்தது. ஏறக்குறைய அதே மீடிறன்தான். வெளியில் 190 மீற்றர் நீளும் அலை இங்கே ஒரு சாண் பலகைக்குள் அடங்கிவிடுகிறது. மூன்று சாதாரணப் படிகளை மூன்று மாற்றிய படிகளோடு இணைத்தால் அவத்தை, அதாவது அலை தன் சுற்றில் நிற்கும் கட்டம், சுழிக்கே திரும்பிவிடும். இன்னொரு வேடிக்கை: மீடிறனை இரட்டித்தால் அலைநீளம் குறையும் என்றுதானே படித்தோம்? மாற்றிய ஏணியில் 60 பாகை 29 ஆகிறது. அலை நீண்டுவிடுகிறது!

இதை முதலில் கணினியில், சுற்றுகளைப் பாவனை செய்து காட்டும் ஸ்பைஸ் மென்பொருளில் ஓட்டினேன். பாவனை சித்திரம் போல வந்தது. அதையே பற்றவைத்துப் பார்த்தபோது ஒன்றும் ஒத்துவரவில்லை. கடைசிப் படியை வெறுமனே விட்டிருந்தேன். சுவாமி மலை! அலை முழுதாகத் தெறித்து, ஏணி முழுக்க இடம் நகராமல் ஆடும் நின்ற அலை. பிறகு 100 ஓம் தடையி போட்டேன். தூண்டியின் பெறுமானத்தைக் கொள்ளளவியின் பெறுமானத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அதுதானே வரும். ஆனால் இந்த மீடிறனில் ஏணி கேட்பது 87 ஓம். நுனிப் படிகளில் அரைத் தூண்டியும் இரட்டைக் கொள்ளளவியும் வைத்து அந்த 87 ஐயும் போட்ட பிறகே அலை டச்சுக்குடா மணலில் போல அடங்கியது. அதற்குப் பிறகும் கணக்கு கொஞ்சம் பிசகியது. தூண்டிகளை அருகருகே நிறுத்தியிருந்தேன். ஒன்றின் காந்தப்புலம் அடுத்ததற்குள் புகுந்துவிட்டது. ஒன்றுவிட்டு ஒன்றைச் செங்குத்தாகத் திருப்பிவைத்தேன். மென்பொருளில் அயல்வீடு இல்லை. சொல்லிக் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும்.

முகடு பின்னோக்கி நடந்தால் விளைவு காரணத்துக்கு முந்துமா என்று கடந்த முறை ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. ஓர் அலைத்தொகுதியை, அதாவது சில நெளிவுகள் மட்டும் கொண்ட ஒரு துண்டு அலையை, ஏணிக்குள் விட்டு அலைவுகாட்டியில் பாருங்கள். தொகுதியின் வெளிவரம்பு ஒவ்வொரு படியையும் சுமார் 115 நானோசெக்கனில் கடந்து முன்னேதான் போகிறது. சக்தி அதனோடு போகிறது. உள்ளே இருக்கும் நெளிவுகள் மட்டும் ஊற்றுப் பக்கம் நகர்கின்றன. ஓடும் ரயிலுக்குள் பின்பெட்டியை நோக்கி நடக்கிறவர் கொழும்புக்குப் போய்ச் சேராமல் இருப்பதில்லை.

ஏணி எல்லாவற்றையும் சொல்லாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு படிக்கு 60 பாகை என்பது தொடர்ந்த ஊடகம் என்று கூறக் கொஞ்சம் அதிகம். மாற்றிய ஏணியில் மீடிறனை உயர்த்தினால்தான் அது நெருங்கும். அலை தவறான பக்கம் வளைவதைக் காண ஏணி போதாது, ஏணிகளைக் குறுக்கும் நெடுக்கும் பின்னிய வலை வேண்டும். 2004 இல் டொரொன்ரோவில் அப்படியொரு தட்டை வலையால் வில்லை செய்து, சாதாரண வில்லை எவ்வளவு நுணுக்கமாகக் குவிக்கும் என்ற எல்லையைத் தாண்டினார்கள். நம்மிடம் இருப்பது ஏணி மட்டும்.

சரி, மேசைக்கு வாருங்கள். இரண்டு அளவுமுனைகளையும் அடுத்தடுத்த படிகளில் வையுங்கள். மாற்றிய ஏணியில் குமிழை 796 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே திருப்பினால் மறுமுனைக்கு அநேகமாக ஒன்றும் வந்து சேராது. அது பழுதல்ல, என்னைத் தேடி ஓடிவர வேண்டாம். தேநீர் பின் வரிசையில் இருக்கிறது.