எழுந்து நின்றால் இறங்கும் பிரஷர்

நேயர்களுக்கு வணக்கம். பார்க்கின்சன் நோய் என்றதும் கை நடுக்கமும் தளர்ந்த நடையும்தான் நினைவுக்கு வரும். பல வீடுகளில் கண்ணில் படாமலே போகும் இன்னொரு தொல்லை இந்த நோய்க்கு உண்டு. படுக்கையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கிவிடும். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. உடனே நரம்புகள் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பார்க்கின்சன் நோய் இந்த நரம்புகளையும் விட்டுவைப்பதில்லை. போதாததற்கு, நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையும் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

“அப்பாவுக்கு பி.பி. நார்மல்தான் டாக்டர்” என்று பிள்ளைகள் சொல்வார்கள். பெரும்பாலும் அது உட்காரவைத்து எடுத்த அளவாகத்தான் இருக்கும். அவரை ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை பாருங்கள். பிறகு நிற்கவைத்து, பட்டையைக் கழற்றாமல், முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். விழுந்துவிடாமல் ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் பிரச்சினை இருக்கிறது என்று அர்த்தம். படுத்திருக்கும்போது 150 காட்டியவருக்கு நின்றதும் 105 காட்டினால், அவர் ஏன் தள்ளாடுகிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

எல்லோரும் “தலை சுற்றுகிறது” என்று சொல்வதில்லை. பின்கழுத்தும் தோளும் வலிக்கிறது என்பார்கள். கண் மங்குகிறது என்பார்கள். சிலர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சுக் குறைந்து சோர்ந்துவிடுவார்கள். வயசாகிவிட்டது என்று இதையெல்லாம் தள்ளிவிடுகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதே ஆட்களில் பலருக்குப் படுத்தால் அழுத்தம் ஏறிவிடும். அந்த எண்ணை மட்டும் பார்த்து பிரஷர் மாத்திரையைக் கூட்டினால், விடியற்காலையில் பாத்ரூமுக்கு எழுந்தவர் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வார். பகலில் மட்டமாகப் படுப்பதைத் தவிர்க்க வேண்டும். இரவில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கலோ கட்டையோ ஆடாமல் வைத்து, முக்கால் அடி வரை உயர்த்தலாம். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும்.

காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடிக்கச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் அழுத்தம் கொஞ்சம் ஏறி, சுமார் ஒரு மணி நேரம் தாங்கும். அப்புறம் உட்கார்ந்தபடியே காலை ஆட்டிவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கட்டும். தட்டு நிறையச் சோறு வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடலாம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியலும் ஆகாது. உப்பைக் கூட்டுவது சிலருக்கு உதவும். ஆனால் இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பையும் தண்ணீரையும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையும், புராஸ்டேட் மாத்திரையும்கூட அழுத்தத்தை இறக்கக்கூடும். எதைக் குறைப்பது என்று அவர் முடிவு செய்யட்டும். லெவோடோபாவை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். உடம்பு விறைத்து, காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம்.

நன்றி, வணக்கம்.